இரண்டு நாய்ச் சிலைகள்

ஜிம்மிக்குப் பதினொரு வயது. போன மாதத் தொடக்கத்தில் அவன் வாயிலிருந்து ஏழு பற்களைப் பிடுங்கினார்கள். மேல் ஈறில் வளர்ந்திருந்த ஒரு சின்னக் கட்டியையும் வெட்டி எடுத்தார்கள். காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் வேலை முடிந்து கூட்டிவந்தேன். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, முன்காலில் மயிர் மழித்த ஒரு சதுரம், என் கையில் மருந்துப் பை. டாக்டர் சொன்னவை எளிமையானவைதான். பதினான்கு நாளைக்கு எலும்பு கிடையாது, பந்து கிடையாது, கடிக்கிற எதுவும் கிடையாது. சோற்றையும் கோழியையும் குழைத்துக் கஞ்சியாகக் கொடுக்க வேண்டும். வலி மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்தோரமாக விட வேண்டும். முதல் ஓரிரு நாள் எச்சிலில் ரத்தம் கலந்து வரலாம். தையல் தானே கரைந்துவிடும்.

பாட்டிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "தோட்டத்துல எந்த நாய்க்குடா பல்லு ஆப்பரேஷன் பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டு, கஞ்சியை அவரேதான் குழைத்தார்.

முதல் ராத்திரி ஜிம்மி தூங்கவில்லை. நானும் அடுப்படித் தரையில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளஞ்சிவப்பாக எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் மறுபடி வடியும். வடிகிற நாயைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: பாவ்லோவ். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று படித்துப் பரீட்சை எழுதி மறந்த கதை. ஆனால் அன்றைக்குத்தான் ஒரு கேள்வி வந்தது. ஸ்கூடாயில் நாலு வருஷம் அளவைக் கருவிகளோடு மல்லுக்கட்டியவனுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய கேள்வி. எச்சில் வாய்க்குள்தானே சுரக்கிறது? நாய் விழுங்கிவிடுமே. அந்த ஆள் அதை எப்படி அளந்தார்?

ஆப்பரேஷன் செய்துதான். வாயில்.

இவான் பாவ்லோவ் 1849-இல் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1891 முதல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் உடலியல் பிரிவை நடத்தினார். அவர் காலத்து உடலியல் சோதனை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். நாயைக் கட்டி, மயக்கி, திறந்து, பார்க்க வேண்டியதைப் பார்ப்பார்கள். நாய் செத்துப்போகும். பாவ்லோவுக்கு இதில் இருந்த ஆட்சேபம் இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல. மயங்கி ரத்தம் வடிந்துகொண்டிருக்கும் நாயின் வயிறு இயல்பாகச் செரிக்காது, ஆகவே கிடைக்கிற அளவு பொய் என்பது அவர் வாதம். ஓடுகிற மெஷினை நிறுத்தாமல் அளக்க வேண்டும். அதற்கு முதலில் அறுவை, பிறகு முழுக்கக் குணமாதல், அதன் பிறகே சோதனை.

எனவே அவருக்கு ஆய்வகத்தை விட முக்கியமாகத் தேவைப்பட்டது ஓர் ஆஸ்பத்திரி. 1893-இல் அந்த நிறுவனத்துக்கு 10,000 ரூபிள் நன்கொடை வந்தது. கொடுத்தவர் ஆல்ஃபிரட் நோபல். அந்தப் பணத்தில் பாவ்லோவின் கட்டடம் இரண்டு மாடியானது. அறுவைப் பகுதியும் அமைந்தது. நாயைக் குளிப்பாட்டித் துவட்ட ஓர் அறை, மயக்க ஓர் அறை, வெட்ட ஓர் அறை, அதன் பிறகு நாய்கள் நாள்கணக்கில் படுத்துத் தேற தனி அறைகள். மனிதர்களுக்கான பல மருத்துவமனைகளில்கூட கிருமி நீக்கிய அறுவை இன்னும் சரியாக வேரூன்றாத காலம் அது. ரஷ்யாவின் பல ஏழைகளுக்குக் கிடைக்காத படுக்கை அந்த நாய்களுக்குக் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் எதற்காகக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில நாய்களின் உணவுக்குழாயைக் கழுத்தில் வெட்டி வெளியே திறந்துவிட்டார்கள். அவை மணிக்கணக்கில் தின்றன. தின்றதெல்லாம் கழுத்து வழியாகத் தட்டிலேயே விழுந்தது. வயிறு மட்டும் உணவு வருவதாக நம்பிச் சாறு சுரந்தது. அந்தச் சாற்றை வடிகட்டி, செரிமானக் கோளாறுக்கு மருந்தாக விற்று ஆய்வகத்துக்கு வருமானமும் பார்த்தார்கள். 1894-இல், பல நாய்கள் செத்த பிறகு, இரைப்பையின் ஒரு பகுதியைத் தனிப் பையாகப் பிரித்து நரம்பு அறுபடாமல் தைக்கும் அறுவை ஒரு நாயிடம் வெற்றி பெற்றது. அதன் பெயர் துருஷோக். ரஷ்ய மொழியில் 'குட்டி நண்பன்'. அந்தப் பெயரைப் படித்ததும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன்.

எச்சிலுக்கான அறுவை இவற்றோடு ஒப்பிட்டால் சின்னது. 1895 வாக்கில் கிளின்ஸ்கி என்ற உதவியாளர் அதைச் செம்மைப்படுத்தினார். கன்னத்துக்குள் உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடத்தைச் சுற்றிலும் ஒரு சிறு வட்டமாக வெட்டி, கன்னத்தைத் துளைத்து வெளியே இழுத்து, தோலோடு தைத்துவிடுவது. சில நாளில் ஆறிவிடும். அதன் பிறகு எச்சில் வெளியே சொட்டும்; அங்கே ஒரு கண்ணாடிப் புனலை ஒட்டினால் சொட்டுகளை எண்ணலாம். காய்ந்த ரொட்டித் தூளுக்கு நிறைய ஊறியது, ஈரமான இறைச்சிக்குக் குறைவாக ஊறியது. (ஜிம்மியின் கஞ்சிக்கும் இதே கணக்குதான் என்று நினைக்கிறேன்.) இந்த நாய்கள் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தன. இருந்ததால் தங்களுக்குச் சோறு போடுகிறவரைத் தெரிந்துகொண்டன. அவருடைய காலடிச் சத்தம் கேட்டதுமே புனலில் சொட்டு விழ ஆரம்பித்தது. உலகப் புகழ்பெற்ற அந்த ஆராய்ச்சி தொடங்கியது இப்படித்தான். மணியெல்லாம் பிறகு வந்தது. அதிலும் மெட்ரோனோம்தான் அதிகம்.

இங்கே லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. பாவ்லோவை எச்சில் பக்கம் தள்ளியதில் லண்டனுக்கும் பங்கு உண்டு. செரிமானத்தை ஆள்வது நரம்புகளே என்பது அவர் கொள்கை. 1902-இல் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸும் அவர் மைத்துனர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும், நரம்பை அறுத்த பிறகும் கணையம் சுரப்பதைக் காட்டினார்கள். ரத்தத்தில் போகும் ஒரு வேதிப்பொருள்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதற்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். பாவ்லோவ் தன் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். 1904-இல் செரிமான ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கும்போது அவர் மனசு ஏற்கனவே எச்சிலுக்குப் போய்விட்டிருந்தது.

1903 பிப்ரவரியில் அதே பேலிஸ், சுமார் அறுபது மாணவர்கள் முன்னால் ஒரு பழுப்பு நிற நாயின் கழுத்தைத் திறந்து உமிழ்நீர்ச் சுரப்பியின் நரம்புகளுக்கு மின்சாரம் பாய்ச்சினார். எச்சில் வெளிவரும் அழுத்தம் ரத்த அழுத்தத்தைச் சார்ந்ததல்ல என்று காட்டுவது நோக்கம். காட்ட முடியவில்லை. பிறகு ஹென்றி டேல் என்ற மாணவர் நாயைக் கொன்றார். அவருக்கும் 1936-இல் நோபல் கிடைத்தது. கூட்டத்தில் இருந்த இரண்டு ஸ்வீடன் பெண்கள், லிசி லிண்ட் அஃப் ஹாகெபியும் லீசா ஷார்ட்டாவும், நாய் முழுதாக மயங்கியிருக்கவில்லை, துடித்தது, அதன் வயிற்றில் முந்தைய அறுவையின் காயமும் இருந்தது என்று எழுதினார்கள். அதை மேடையில் சொன்ன ஸ்டீபன் கோல்ரிட்ஜ் மீது பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். நஷ்ட ஈடு 2,000 பவுண்ட், செலவு 3,000 பவுண்ட். 'மயங்கித்தான் இருந்தது' என்ற தரப்பை ஜூரி நம்பியது.

என்னை நிறுத்தியது அந்த இரண்டாவது விஷயம், பழைய காயம். 1876-இன் பிரிட்டிஷ் சட்டப்படி, தனிச் சான்றிதழ் இல்லாமல், மயக்கம் தெளிவதற்குள் விலங்கைக் கொன்றுவிட வேண்டும். அதையே மறுபடி ஒரு சோதனைக்கு எடுக்கக் கூடாது. அந்த நாய்க்கோ டிசம்பரிலேயே ஸ்டார்லிங் கணையத்தில் அறுவை செய்திருந்தார். தான் சட்டத்தை மீறியதை அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இன்னொரு நாய் சாக வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தேன் என்றார். ஆக, லண்டன் சட்டத்தில் கருணை என்றால் நாய் கண் விழிக்காமல் இருப்பது. பீட்டர்ஸ்பர்க் அறிவியலுக்கோ அது கண் விழித்து, வால் ஆட்டி, சாப்பிட்டாக வேண்டும். எது மேல் என்று தராசு பிடிக்க நானும் முயன்றேன். துருஷோக் என்ற பெயர்தான் குறுக்கே வந்தது.

1906-இல் லண்டன் பேட்டர்ஸியில் பழுப்பு நாய்க்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அடியில் மனிதர்களுக்குக் குடிநீர்க் குழாய், அதற்கும் கீழே நாய்களுக்கு ஒரு தொட்டி. 1907-இல் மருத்துவ மாணவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போலீஸோடு மோதினார்கள். கடைசியில் 1910 மார்ச்சில் உள்ளூர் மன்றமே போலீஸ் காவலோடு சிலையை எடுத்து உருக்கிவிட்டது. 1985-இல் பேட்டர்ஸி பூங்காவில் வேறொன்று வைத்தார்கள். இரண்டாவது சிலை லெனின்கிராடில், 1935-இல், பாவ்லோவ் உயிரோடு இருக்கும்போதே அவர் நிறுவன வளாகத்தில் வைத்தது. பெயரில்லாத ஒரு நாய் மேலே உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் நாய்த் தலைகள். அவற்றின் வாயிலிருந்து தண்ணீர் வடியும்படி அமைத்திருக்கிறார்கள். அது இன்றும் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளம் வந்தது. 1924 செப்டம்பர் 23-இல் நேவா ஆறு லெனின்கிராடுக்குள் புகுந்தது. பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளில் மூக்கை மட்டும் கூரைப் பக்கம் தூக்கியபடி நீந்திக்கொண்டிருந்தன. ஊழியர்கள் போய்ச் சேர்ந்தபோது கூண்டுக் கதவுகள் தண்ணீருக்கு அடியில் இருந்தன. காப்பாற்ற ஒரே வழி, தலையைப் பிடித்து நீருக்குள் அமுக்கி வெளியே இழுப்பது. நாய்கள் பிழைத்தன. ஆனால் சில நாய்கள் பழகியதையெல்லாம் மறந்துவிட்டிருந்தன. மெல்ல மெல்ல மீண்ட ஒரு நாய், பிறகொரு நாள் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டதும் மறுபடி நிலைகுலைந்தது. கசிய விட்டவர்களும் அவர்கள்தான். அதுவும் சோதனைதான்.

காப்பாற்ற வந்த கை எது, அமுக்கிய கை எது என்று அந்த நாய்க்கு யார் சொல்வது? இரண்டாம் நாளிலிருந்தே ஜிம்மி என்னிடம் சரியாக வரவில்லை. பாட்டி கையில் கஞ்சியை நக்கினான். நான் மருந்து இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டால் கூம்பு கதவில் இடிக்க இடிக்க ஓடினான். தாடையைப் பிடித்து, கன்னத்தை விலக்கி, சிரிஞ்சை விட்டேன். ஒவ்வொரு முறையும் "முடிஞ்சிருச்சுடா, முடிஞ்சிருச்சு" என்றேன். ஆப்பரேஷனுக்கு ஒப்புதல் தாளில் அவனுக்காகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பற்கள் அழுகிக்கொண்டிருந்தன, எடுக்காமல் விட்டிருக்க முடியாது. இது எனக்குத் தெரியும்.

பதினைந்தாம் நாள் கூம்பைக் கழற்றினோம். ஈறு நன்றாக மூடியிருந்தது. இப்போது மீன் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்தால் முழுதாகச் சாப்பிடுகிறான். என் கார் தாமானுக்குள் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுவதாகப் பாட்டி சொல்கிறார்.

மருந்து தீர்ந்து மூன்று வாரமாகிறது. அந்த இழுப்பறையில் இப்போது பேட்டரியும் செல்லோடேப்பும்தான் கிடக்கின்றன. நேற்று ராத்திரி ரிமோட்டுக்குப் பேட்டரி எடுக்கத் திறந்தேன். தூங்கிக்கொண்டிருந்த ஜிம்மி எழுந்து மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"மெதுவா தொறக்கக் கூடாதாடா?" என்றார் பாட்டி.