மறுமலர்ச்சித் திருவிழாவில் வைக்கிங் முகாம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இளவேனில் தொடங்கி இலையுதிர் காலம் வரை வார இறுதிகளில் கூடும் மறுமலர்ச்சித் திருவிழாக்கள், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சந்தை ஒன்றைத் திறந்த வெளியில் மீண்டும் எழுப்பிக் காட்டுவதைத் தம் நோக்கமாகக் கொண்டவை. முதலாம் எலிசபெத் அரசியாக வேடமிட்டவர் பரிவாரத்துடன் பவனி வர, குதிரை வீரர்கள் ஈட்டிப் போர் நிகழ்த்த, தோல், மண்பாண்டம், கண்ணாடிப் பொருள்கள் விற்கும் கடைகள் வரிசையாக நிற்கும் அத்திடல்கள் பலவற்றின் ஓர் ஓரத்தில், கம்பளி உடையும் வெண்கல அணிகளும் பூண்ட வைக்கிங் குழுவொன்று கூடாரமடித்து, அடுப்பு மூட்டித் தங்கியிருப்பதைக் காணலாம். வைக்கிங்குகள் எனப்படுவோர், 793இல் லிண்டிஸ்ஃபார்ன் துறவிமடம் தாக்கப்பட்டது முதல் 1066இல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் போரில் நார்வே மன்னன் வீழ்ந்தது வரையிலான காலத்தில் வட ஐரோப்பாவெங்கும் கொள்ளையிட்டும் வணிகம் செய்தும் குடியேறியும் வாழ்ந்த ஸ்காண்டிநேவியக் கடலோடிகள். எலிசபெத் அரியணை ஏறியதோ 1558இல். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு இடைவெளி கொண்ட இவ்விரு உலகங்களும் ஒரே வேலிக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை அறிய 1960களின் கலிஃபோர்னியாவுக்குச் செல்ல வேண்டும்.

1963ஆம் ஆண்டு மே மாதம், பள்ளி ஆசிரியையாக இருந்த ஃபிலிஸ் பேட்டர்சன் தம் கணவர் ரான் பேட்டர்சனுடன் சேர்ந்து, நேயர்களின் நன்கொடையால் இயங்கிவந்த கேபிஎஃப்கே வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு வார இறுதியில் நடத்திய சந்தையே இவ்வகைத் திருவிழாக்களின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. கைத்தொழிலும் தெருக்கூத்தும் இயந்திர வாழ்வுக்கு மாற்றாக அமையும் என்று நம்பிய அன்றைய இளைஞர்களின் எதிர்ப்பண்பாட்டு இயக்கம் இவ்விழாவைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. 1971இல் மின்னசோட்டாவிலும் 1974இல் டெக்சஸிலும் 1977இல் மேரிலாந்திலும் தொடங்கிய திருவிழாக்கள் வானொலி நிலைய நன்கொடை என்னும் நோக்கத்திலிருந்து விலகி, நுழைவுச் சீட்டு, நிரந்தரக் கட்டடம், ஆண்டுதோறும் பல வாரம் நீளும் நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றைக் கொண்ட தொழிலாக வளர்ந்தன. நாடகமேடையும் வாயிலும் உள்ள இடத்தில் பார்வையாளர் மாலையில் வீடு திரும்பிவிடுவர். தங்கி வாழ்தல் என்னும் வழக்கம் அங்கே பிறக்கவில்லை.

அவ்வழக்கத்தின் மூலம் வேறொரு ஓடையில் இருக்கிறது. 1966 மே முதல் நாள் பெர்க்லியில், எழுத்தாளர் டயானா பாக்சனின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த ஒரு விருந்தும் வாள் விளையாட்டும், ‘படைப்பாற்றல்மிக்க காலப்பிறழ்வுக்கான கழகம்’ என்று பொருள்படும் பெயருடைய, சுருக்கமாக எஸ்சிஏ எனப்படும் அமைப்பாக உருவெடுத்தன. பதினேழாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எந்தக் காலத்தையும் ஓர் உறுப்பினர் தமக்குரியதாகத் தேர்ந்துகொள்ளலாம் என்ற அக்கழகத்தின் தாராளமான வரையறை, எலிசபெத் காலத்துப் பிரபுவையும் பத்தாம் நூற்றாண்டு நார்வே உழவனையும் ஒரே பந்தியில் அமர்த்தியது. திருவிழாக்களில் பின்னர் காணப்பட்ட காலக்கலப்புக்கு இந்த வரையறை வழிகோலியது என்று கொள்வதில் தவறில்லை. 1972இல் தொடங்கிய அக்கழகத்தின் ‘பென்சிக் போர்’, பென்சில்வேனியாவில் பல்லாயிரம் பேர் கூடாரங்களில் தங்கும் தற்காலிக நகரமாக இன்றும் ஆண்டுதோறும் எழுகிறது. 1969இல் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவரிடையே தோன்றிய மார்க்லாந்து என்னும் குழுவிலிருந்து கிளைத்தவர்கள் செசபீக் விரிகுடாவில் வைக்கிங் பாணிப் படகுகளைச் செலுத்தலாயினர். ஞாயிறு மாலை அணைக்காத அடுப்பும், அண்டை வீட்டாரைப் போலப் பழகும் கூடாரவாசிகளும் இத்தகைய குழுக்களின் வழியாகவே திருவிழாத் திடலுக்குள் வந்தன.

வைக்கிங்குகள் மீது அமெரிக்கர் கொண்ட பற்றுக்கு இதைவிடப் பழைய வேர் உண்டு. கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்து சேர்ந்ததன் நானூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு, அவருக்கு முன்பே தம் மூதாதையர் அக்கண்டத்தை அடைந்தனர் என்று நினைவூட்டும் வகையில், அகழாய்வில் கிடைத்த வைக்கிங் காலக் கோக்ஸ்டாட் கப்பலின் மாதிரியாகக் கட்டப்பட்ட ‘வைக்கிங்’ என்னும் மரக்கலத்தை மாக்னஸ் ஆண்டர்சன் தலைமையிலான நார்வே மாலுமிகள் அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிவந்தனர். 1960இல் ஆய்வுப்பயணி ஹெல்கே இங்ஸ்டாடும் தொல்லியலாளரான அவருடைய மனைவி ஆன் ஸ்டைன் இங்ஸ்டாடும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்னும் வைக்கிங் குடியிருப்பைக் கண்டறிந்து அகழ்ந்தபோது, அதுவரை குடியேறிகளின் பெருமிதமாக இருந்தது நிறுவப்பட்ட வரலாறாயிற்று. ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் மிகுந்த மின்னசோட்டாவில் பள்ளி ஊழியரான ராபர்ட் ஆஸ்ப் கட்டத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1982இல் அவருடைய பிள்ளைகள் உள்ளிட்ட குழுவினர் நார்வேவரை செலுத்திச் சென்ற ‘யெம்கோம்ஸ்ட்’ என்னும் கப்பல், இவ்வார்வம் எளிய குடும்பங்களிலும் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

ஆர்வம் மட்டும் வரலாறாகிவிடாது என்பதைத் தலைக்கவசத்தின் கதை காட்டுகிறது. வைக்கிங் என்றவுடன் பொதுமக்கள் மனத்தில் எழும் கொம்பு வைத்த தலைக்கவசம், 1876இல் பைராய்ட் நகரில் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத் தொடர் அரங்கேறியபோது கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த மேடையுடைகளால் பரவியது. டென்மார்க்கின் வெக்ஸோவில் கிடைத்த உண்மையான கொம்புக் கவசங்களோ வைக்கிங் காலத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய வெண்கலக் காலத்தவை. 1943இல் நார்வேயின் யெர்முன்ட்பு பண்ணையில் கிடைத்த, கண்களைச் சுற்றிக் காப்பு வளையம் கொண்ட, கொம்பில்லாத இரும்புக் கவசமே முகாம்களில் பொறுப்புள்ள குழுக்கள் பின்பற்றும் முன்மாதிரி. 2013இல் தொடங்கிய ‘வைக்கிங்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் ஏராளமான புதியவர்களை இம்முகாம்களுக்கு அழைத்து வந்தபோதும், அத்தொடர் காட்டிய கறுப்புத் தோலாடைகளுக்குக் கல்லறைச் சான்று இல்லை என்று மூத்த உறுப்பினர்கள் புதியவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்வீடனின் பிர்கா நகரக் கல்லறைகளில் கிடைத்த துணிச் சிதைவுகளும் அணிகலன்களும் காட்டுவது கம்பளியும் லினன் என்னும் ஆளிநார்த் துணியுமே. பெண்கள் தோளின் இருபுறமும் குத்திக்கொண்ட, ஆமையோட்டு வடிவிலான வெண்கலக் கொக்கிகளுக்கு இடையே தொங்கிய மணிச்சரங்களில், இந்தியாவிலிருந்தோ பாரசீகத்திலிருந்தோ வணிகப் பாதைகள் வழியே சென்றடைந்த செம்மணிக்கற்கள் இருந்தன என்பதும் அக்கல்லறைகள் தரும் செய்தியாகும்.

முகாமின் நேர்மையை அளக்கத்தக்க பொருள் கூடாரம். 1880இல் அகழப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலிலும், 1904இல் அகழப்பட்டு, 834இல் இரு பெண்களுடன் புதைக்கப்பட்டதெனக் காலம் கணிக்கப்பட்ட ஓசெபெர்க் கப்பலிலும் கிடைத்த மரச்சட்டங்களே இன்றைய வைக்கிங் கூடாரங்களுக்கு மூலம். முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு நீண்ட பலகைகள் உச்சியில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி நிற்கும். குறுக்குவெட்டுக்கு மேலே நீளும் முனைகளில் விலங்குத் தலைகள் செதுக்கப்பட்டிருக்கும். உச்சியில் ஒரு முகட்டுக்கழியும் அடியில் பக்கத்துக்கு ஒரு கழியும் இரு முகப்புகளையும் இணைக்க, கழிகளின் முனைகள் பலகைகளிலுள்ள துளைகளின் வழியே வெளியே நீட்டி நிற்க, அம்முனைகளில் மர ஆப்புகளை அடித்து இறுக்கிவிட்டால் சட்டகம் அசையாது நிற்கும். முகட்டின் மேல் போர்த்திய துணியை அடிக்கழிகளில் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். இரும்பு ஆணியும் தரையில் அறையும் முளையும் இதற்குத் தேவையில்லை என்பதால், முளை நிற்காத மணற்கரையிலும் பாறையிலும்கூட இதை எழுப்பிவிட முடியும். பிரித்தால் வெறும் பலகைகளும் கழிகளுமாகிக் கப்பலின் அடித்தளத்தில் அடங்கிவிடும். இதன் வடிவமைப்பில் ஒரு கடலோடிச் சமூகத்தின் தேவை முழுவதும் பதிந்திருக்கிறது என்பதை நூலில் படித்து அறிவதைவிட, மழை வருமுன் ஆப்படித்து முடிக்க வேண்டிய ஒருவர் விரைவாகவும் நன்றாகவும் அறிவார்.

பார்வையாளர் நேரத்தில் இம்முகாம் ‘வாழும் வரலாறு’, அதாவது பழங்கால வாழ்வின் வேலைகளைச் செய்துகாட்டி விளக்கும் முறை, நடக்கும் இடம். இரும்பு முக்காலியில் தொங்கும் கொப்பரையில் வாற்கோதுமையும் பன்றி இறைச்சியும் வெங்காயத் தாளும் வேகும்; 1492க்குப் பின்னரே ஐரோப்பாவை அடைந்த உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் கவனமான குழுக்களின் கொப்பரையில் இடம்பெறுவதில்லை. ஒருபுறம் ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கம்பளிக் காலுறை பின்னுவோர், மறுபுறம் துளையிட்ட சிறு சதுர அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பட்டைநாடா நெய்வோர் அமர்ந்திருப்பர். முன்னதற்கு யார்க் நகரின் காப்பர்கேட் அகழாய்வில் கிடைத்த காலுறையும், பின்னதற்கு ஓசெபெர்க் கப்பலில் பாதி நெய்த நாடாவுடன் கிடைத்த 52 அட்டைகளும் சான்றுகள். நவீன சட்டங்களுக்கும் இங்கு இடமுண்டு: வாள்களையும் கோடரிகளையும் உறையோடு சேர்த்துக் கட்டிவிடும் ‘அமைதிக் கட்டு’ பல விழாக்களில் கட்டாயம், தீயணைப்பு வாளியும் தீத்தடுப்பு ஏற்றிய துணியும் இல்லாமல் அடுப்பு மூட்ட இசைவு கிடைப்பதில்லை, பனிக்கட்டிப் பெட்டி மரப்பேழைக்குள்ளோ கம்பளிப் போர்வைக்கு அடியிலோ மறைந்திருக்கும். வாயில் மூடிய பிறகு அந்த மறைப்புகளுக்குத் தேவையில்லை. வாரம் முழுவதும் அலுவலகத்திலோ பட்டறையிலோ உழைத்தவர்கள், தேன்மது நிரம்பிய கொம்பைக் கைமாற்றி, இறந்த தோழரின் பெயரைச் சொல்லிப் பருகி, பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் உறங்க வைத்துவிட்டுத் தீயைச் சுற்றி அமரும் அந்நேரமே அவர்களைப் பிணைக்கிறது. போர்க்காட்சி பார்வையாளருக்குரியது, முகாம் அவர்களுக்குரியது.

இவ்வில்லற முகாம் வைக்கிங் வரலாற்றுக்குப் பொருந்தாத மென்மைப்படுத்தல் என்று கருதுவோர் உண்டு. அண்மைக்காலத் தொல்லியல் அக்கருத்தை ஆதரிக்கவில்லை. 865இல் இங்கிலாந்தில் இறங்கிய வைக்கிங் பெரும்படை 872–873 குளிர்காலத்தில் தங்கிய லிங்கன்ஷயரின் டார்க்ஸி முகாமை யார்க், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அது சிறு கோட்டையாக இல்லாமல் ஐம்பது ஹெக்டேருக்கும் மேல் விரிந்த ஒரு குடியிருப்பாக இருந்தது தெரியவந்தது. உருக்கி வார்ப்பதற்காக வெட்டிய வெள்ளித் துண்டுகள், எடைக்கற்கள், நூற்றுக்கு மேற்பட்ட அரபு வெள்ளிக் காசுகள், நூற்பும் தையலும் நடந்ததைக் காட்டும் கருவிகள், பலகை விளையாட்டுக்கான நூற்றுக்கணக்கான ஈயக் காய்கள் ஆகியவை அங்கே கிடைத்தன. படையுடன் கைவினைஞரும் வணிகரும் பெண்களும் சேர்ந்து குளிர்காலத்தைக் கழித்தனர். அடுப்பையும் தறியையும் விளையாட்டுப் பலகையையும் நடுவில் வைத்து அமைத்த திருவிழா முகாம், வாள்வீச்சை மட்டும் நம்பும் மேடையைவிட அந்த டார்க்ஸிக்கு நெருக்கமானது.

முகாம்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்த கடினமான சிக்கல் அடையாளங்கள் பற்றியது. வட ஐரோப்பியப் பழமையை நாஜிகள் இனவாதத்துக்குப் பயன்படுத்தியதும், ‘ஓடல்’ முதலிய பழைய ரூன் எழுத்துகளை அவர்களது எஸ்எஸ் படைப்பிரிவுகள் சின்னமாக அணிந்ததும் அவ்வெழுத்துகளின் மேல் நீங்காத கறையை ஏற்படுத்தின. இன்றைய வெள்ளை இனவாதக் குழுக்களும் அவற்றை விடாமல் பற்றியிருக்கின்றன. ஆகவே கேடயத்தில் எதை வரைவது, யாரைக் குழுவில் சேர்ப்பது என்பவை அழகியல் கேள்விகளாக நின்றுவிடவில்லை. பாக்தாதிலிருந்து சென்ற இப்னு ஃபட்லான் 922இல் வோல்கா ஆற்றங்கரையில் கண்ட, ஸ்காண்டிநேவியர் எனக் கருதப்படும் ரூஸ் வணிகர்களும், டார்க்ஸியின் அரபுக் காசுகளும், பிர்காவின் செம்மணிகளும் பல இனத்தாரோடு கொண்டு கொடுத்து வாழ்ந்த ஒரு சமூகத்தையே காட்டுகின்றன என்று வெளிப்படையாகச் சொல்லும் குழுக்கள் வரலாற்றின் பக்கம் நிற்கின்றன.

எனினும் இம்முகாம்களில் பெரும்பாலும் காணக் கிடைக்காத ஒருவர் இருக்கிறார்: த்ரால் எனப்பட்ட அடிமை. 821இல் டப்ளினுக்கு அருகிலுள்ள ஹவ்த் பகுதியிலிருந்து பெண்கள் பெருந்தொகையாகப் பிடித்துச் செல்லப்பட்டதை அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் பதிவு செய்கின்றன. வோல்கா கரையில் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண்களையும், தலைவன் ஒருவனின் ஈமச்சடங்கில் கொல்லப்பட்ட அடிமைப் பெண்ணையும் இப்னு ஃபட்லான் விரிவாக எழுதியிருக்கிறார். இரும்புக் கழுத்து வளையங்கள் வைக்கிங் காலத் துறைமுக நகரங்களின் அகழாய்வுகளிலேயே கிடைத்துள்ளன. வெள்ளிக் காசுகள் வந்த பாதையில்தான் அடிமைகள் சென்றனர். கூடாரத்தின் ஆப்பையும் காலுறையின் கண்ணியையும் சான்றின்றி ஏற்காத குழுக்கள், சான்று இவ்வளவு தெளிவாக உள்ள இச்செய்தியைத் தம் விளக்கவுரையில் சேர்த்துக்கொள்ளாதவரை, அவர்கள் காட்டும் பத்தாம் நூற்றாண்டு குறைபாடுடையதே.