மழை பெய்தால் நிற்கும் பழைய கார்: பிளக் வயர்களை மாற்றுவது எப்படி?

ஐப்பசி மழை தொடங்கியதும் என்னிடம் வருகிற முதல் கேள்வி இதுதான்: "அண்ணை, வெயிலுக்கு நல்லா ஓடுது. மழை பெய்தால் இழுக்குதில்லை. திடீரெண்டு நிண்டு போகுது." யாழ்ப்பாணத்தில் இன்னமும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் முதலில் காபரேற்றரைக் கழற்றுகிறார்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் பெற்றோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்கிறார்கள். பிளக் வயரை யாரும் பார்ப்பதில்லை.

நான் கராஜ் வைத்திருப்பவன் அல்லன். அப்பா விட்டுச்சென்ற 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பிளக் வயரைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. ஒருமுறை அதில் விட்ட பிழை இன்றும் மனதில் நிற்கிறது.

முதலில், அந்த வயர் செய்கிற வேலை என்ன என்று பார்ப்போம். பற்றரியில் இருப்பது 12 வோல்ற். அதைக் கொயில் 20,000 வோல்ற் அளவுக்கு உயர்த்துகிறது. கொயிலிலிருந்து ஒரு தடித்த வயர் டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குப் போகிறது. மூடிக்குள் சுழலும் ரோட்டர், அந்த மின்சாரத்தை நான்கு வயர்களுக்கும் முறைவைத்துப் பங்கிடுகிறது. ஒவ்வொரு வயரும் ஒரு பிளக்குக்குப் போய், அதன் நுனியில் தீப்பொறியாகப் பாய்கிறது.

மின்சாரம் எப்போதும் இலகுவான வழியைத்தான் தேடும். சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட காற்றும் எரிபொருளும் நிறைந்திருக்கும் இடத்தில் பொறி பாய்வது கடினம். வெளியே வயரின் மேலுறையில் ஒரு வெடிப்பு இருந்தால், அதனூடாகப் பக்கத்திலுள்ள இரும்புக்குப் பாய்வது சுலபம். எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் வருடக்கணக்காகக் கிடந்த இறப்பர் உறை காய்ந்து, மயிரிழை போல வெடித்துவிடும். வெயில் நாளில் அந்த வெடிப்பில் இருப்பது காய்ந்த காற்று, அதனால் பொறி பெரும்பாலும் பிளக்குக்கே போகும். மழை நாளில் அதற்குள் ஈரம் புகுந்துவிடும். அந்த சிலிண்டர் வேலை செய்யாது. இரண்டு வயரில் இப்படி நடந்தால் கார் நின்றுவிடும்.

1990 ஆனியில் மீண்டும் யுத்தம் தொடங்கி, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு இதை நாங்கள் நன்றாகவே அறிந்துகொண்டோம். பெற்றோல் இல்லை. பற்றரி இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சிரிஞ்சால் சில துளி பெற்றோலை விட்டு, கைபிடியைச் சுற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடான பிறகும் புகையைக் கக்கி, பிளக்குகளில் கரியைப் படியவைக்கும். கரி பிடித்த பிளக்கில் பலமான பொறிதான் எரியும். அதனால் பெற்றோலில் தெரியாத வயர்ப் பழுது மண்ணெண்ணெயில் உடனே தெரிந்துவிடும்.

புது வயருக்கு வழியில்லை. எங்கள் காரின் வயர்களில் வெடித்த இடங்களுக்கு அப்பா சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றியிருந்தார். அதன்மேல் மெழுகுதிரியை உருக்கிப் பூசியிருந்தார். மெழுகு நல்ல காப்புத்தான், தண்ணீரும் ஒட்டாது. ஆனால் எஞ்சின் சூட்டில் வழிந்துவிடும். சைக்கிள் ரியூப் விடயத்தில் அப்பாவுக்குத் தெரியாத ஒன்றைப் பிற்காலத்தில்தான் படித்தேன்: ரியூப்பின் கறுப்பு நிறத்துக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் கரித்தூள். இவ்வளவு உயர்ந்த வோல்ற்றுக்கு அதை நம்ப முடியாது. இன்றும் சிலர் அப்படிச் சுற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமமே எழுந்து நடந்தது. கண்டி வீதியில் அரியாலை தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி, கால் வைக்க இடமில்லாமல் சனம். மழை. காருக்குள் அம்மம்மா, நிறைமாதக் கர்ப்பிணியான அக்கா, இரண்டு சூட்கேஸ், ஒரு அரிசி மூட்டை. அப்பா ஓட்ட, நானும் அம்மாவும் பக்கத்தில் நடந்தோம். காரும் நடைவேகத்தில்தான் போனது. பாலத்துக்கு முன்னால் எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி நின்றது.

அப்பா பொனற்றைத் திறந்தார். அம்மா குடை பிடிக்க, நான் ஜாம்போத்தல் விளக்கைப் பிடித்தேன். ரோச் லைற்றுக்கு பற்றரி கிடைக்காத காலம். பெற்றோல் வாடைக்குப் பக்கத்தில் விளக்குப் பிடித்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. நான்கு வயர்களையும் பிளக்கிலிருந்து கழற்றித் தன் சாரத்தின் காய்ந்த பகுதியால் துடைத்தார் அப்பா. அதற்குள் அக்கா கூப்பிட, வயர்களை என் கையில் தந்து, "மாட்டு தம்பி" என்றுவிட்டு அங்கே போனார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. டிஸ்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி வயர்கள் எந்த ஒழுங்கில் வந்தனவோ, அதே ஒழுங்கில் பிளக்குகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாட்டினேன். அப்பா வந்து கைபிடியைச் சுற்றினார். சைலன்சர் பக்கமாக ஒரு வெடி வெடித்தது.

வீதி முழுவதும் குனிந்தது. குழந்தைகளைத் தூக்கியிருந்தவர்கள் சேற்றில் அப்படியே விழுந்தார்கள். எங்கோ ஒரு கிழவி கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார். ஷெல் இல்லை, கார்தான் என்று விளங்கியதும் யாரும் எங்களைத் திட்டவில்லை. எழுந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டு, நடந்தார்கள். அப்பாவும் என்னைத் திட்டவில்லை. வயர்களைத் திரும்பக் கழற்றி மாட்டியபடி, பாடம் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு."

அதுதான் இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு: 1-3-4-2. ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இருப்பது முதலாவது சிலிண்டர். மேலிருந்து பார்த்தால் ரோட்டர் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே முதலாவது வயரிலிருந்து அதே எதிர்த்திசையில் 1, 3, 4, 2 என்று வரவேண்டும். நான் மாட்டியதில் முதலாவது மட்டும்தான் சரி. மற்ற மூன்று பிளக்கிலும் பொறி நேரம் தவறிப் பாய்ந்தது. எரியாத எரிபொருள் சூடான குழாய்க்குள் போய் வெடித்தது.

ஆகவே வேலைக்கு முதல் விதி: நான்கையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றுங்கள், அதே நீளத்தில் புதியதை மாட்டுங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள். இப்படிச் செய்தால் ஒழுங்கு தெரியாதவரும் பிழைவிட முடியாது.

எது பழுது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. நிலவில்லாத இரவில் எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளை அணைத்து, பொனற்றுக்குள் பாருங்கள். பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் வயர்களின் மேல் சிறிது தண்ணீர் தூவுங்கள். பழுதான இடத்தில் நீலநிறப் பொறி பாய்வது கண்ணுக்குத் தெரியும். ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் தொடவேண்டாம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகிலேயே போகவேண்டாம்.

வயர் வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு வகை உண்டு. பழையது, நடுவில் செப்புக் கம்பி உள்ளது. புதியது, நடுவில் கரி ஏற்றிய நூல் உள்ளது. வானொலியில் இரைச்சல் வராமல் இருக்கப் பிற்காலத்தில் வந்தது அது. எங்கள் காரில் இருப்பது போன்ற பழைய லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர் மூடிகளில் வயர் பக்கவாட்டாக நுழையும். மூடிக்குள் இருக்கும் கூர்முனை ஸ்குறூ ஒன்று உறையைத் துளைத்துப் போய்ச் செப்புக் கம்பியைத் தொடும். கரி நூல் வயரை அதில் போட்டால் ஸ்குறூ நூலைக் குத்திக் கிழிக்கும், தொடர்பு ஒழுங்காக இராது, கொஞ்ச நாளில் அந்த இடம் எரிந்துபோகும். எனவே பக்கவாட்டு மூடிக்குச் செப்பு வயர்தான். கரி நூல் வயர்தான் கிடைக்கிறது என்றால், மேலிருந்து வயர் குத்தும் மூடியையும் சேர்த்து வாங்குங்கள்.

இதை நானும் பட்டுத்தான் படித்தேன். இங்கிலாந்தில் இருக்கும் மருமகன், அக்காவின் மகன், அன்போடு ஒரு தொகுதி வயர் அனுப்பினான். அழகான வயர், முனைகள் வார்த்தது. ஆனால் கரி நூல். எங்கள் மூடிக்குள் போகவில்லை. ஒரு வருடம் அலுமாரியில் கிடந்தது. பிறகு அவனே பொருத்தமான மூடியும் அனுப்பினான். இந்தக் கார்களின் பாகங்கள் அங்கே இன்றும் இலகுவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம், 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற விளையாட்டுக் காருக்கும் எங்கள் மொறிஸ் மைனரின் இதே 948 சிசி எஞ்சினைத்தான் போட்டார்கள். அதற்கு காபரேற்றர் மட்டும் இரண்டு. 1961இல் வந்த முதல் எம்ஜி மிட்ஜெற்றும் அப்படியே. அந்தக் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களுடைய ஆசையில் எங்கள் காரும் ஓடுகிறது.

இனி வேலை. முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். அந்தக் கால மொறிஸில் பொடியோடு பூட்டியிருப்பது பற்றரியின் நேர்முனை. இப்போதைய கார்களுக்கு இது நேரெதிர், திரும்பப் பூட்டும்போது கவனம். பிளக்கிலிருந்து வயரைக் கழற்றும்போது மூடியைப் பிடித்துத் திருகி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சில் கோடுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், அது மின்சாரம் ஓடிய தடம். துடைத்தால் போகாது, மூடியையே மாற்றவேண்டும்.

ஸ்குறூவைத் தளர்த்திப் பழைய வயரை இழுத்து, புதியதை அடிமட்டம் வரை தள்ளி, ஸ்குறூவை இறுக்குங்கள். பிறகு மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொயில் வயரின் ஸ்குறூ நடுவில் இருக்கும் கரிமுனைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கரிமுனையை மெதுவாக வெளியே எடுத்தால்தான் அதற்கு வழி. அந்தச் சிறிய கரித்துண்டு உடைந்தால் இங்கே அதற்கு மாற்றுக் கிடைப்பது கஷ்டம், ஒரு கிண்ணத்தில் பத்திரமாகப் போட்டுவையுங்கள்.

பிளக்குகளையும் அதோடு கழற்றிப் பாருங்கள். இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது 0.64 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். இடைவெளி கூடினால் பொறிக்கு அதிக வோல்ற் தேவைப்படும், அந்தச் சுமை புது வயரின் உறைமேல்தான் விழும். வயர்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டாதீர்கள். இந்த எஞ்சினில் மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்து எரிபவை. அவை நெருங்கிக் கிடந்தால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்படலாம்.

ஆறுதலாகச் செய்தாலும் முழு வேலைக்கும் ஒரு மணித்தியாலம் போதும். முடிந்ததும் தண்ணீர்ப் போத்தலால் ஒரு தடவை தூவிப் பார்த்துவிடுங்கள்.

அன்றிரவு பாலத்தைத் தாண்டிக் கைதடிக்குப் போய்ச் சேர விடிந்துவிட்டது. அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது பதினோராம் நாள், கொடிகாமத்தில். வயர் அனுப்பிய மருமகன் அவன்தான். போன வருடம் வந்தபோது பொனற்றைத் திறந்து அவனே நான்கு வயரையும் மாற்றினான், ஒவ்வொன்றாக. நான் பக்கத்தில் நின்று ரோச் லைற் பிடித்தேன்.