ஒரு லட்சம் என்ற சொல்: கே. பி. சுந்தராம்பாளின் கூலிக் கணக்கு

நடிகை கே. பி. சுந்தராம்பாள் 'நந்தனார்' (1935) படத்துக்கு வந்த கதையைத் திரை வரலாற்று நூல்கள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் சொல்கின்றன. 1933இல் அவருடைய கணவர் கிட்டப்பா மறைந்தார். வெள்ளைப் புடவைக்குள் ஒடுங்கிய இளம் விதவையைப் படமுதலாளி அசன்தாஸ் விடாமல் அழைத்தார். தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் சுந்தராம்பாள். அசன்தாஸ் சரி என்றுவிட, இவர் மாட்டிக்கொண்டார். எனக்கு மறுப்பு இந்த 'மாட்டிக்கொண்டார்' என்பதில்தான்.

ஒரு லட்சம் என்பது அன்றைக்கு மலைக்க வைக்கும் தொகை. தமிழ்த் திரையில் அதுவரை யாரும் எட்டாத சம்பளத்தை ஒரு பெண் வாங்கியிருக்கிறார். ஆனால் கதையின் ஓட்டத்தில் அது அவருடைய சாதனையாக நிற்கவில்லை, வாய்தவறி விழுந்த சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அவர் கேட்டார் என்று எழுதக் கை வராதவர்கள், அவருக்கு நேர்ந்தது என்று எழுதினார்கள்.

அவர் வளர்ந்த இடத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்காது. கம்பெனி நாடகத்தில் முதலாளி உண்டு, மாதச் சம்பளம் உண்டு. ஸ்பெஷல் நாடகம் அப்படியல்ல. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி, அச்சாரம் கொடுத்து, அந்த ஓர் இரவுக்கு மேடையில் சேர்ப்பார்கள். பெயர் ஏற ஏற விலை ஏறும். விலையைச் சொல்ல வேண்டியவர் கலைஞரே. சிறுமியாக மேடையேறி, இலங்கை வரை சென்று நடித்து, இசைத்தட்டுகளால் வீடுதோறும் குரல் பரவிய ஒருவருக்குத் தன் விலை தெரியாமலா இருந்திருக்கும்? அந்தத் தொழிலில் பெரிய தொகை கேட்பது 'வேண்டாம்' என்பதற்கு அடையாளமல்ல, பேரத்தின் முதல் வரி. துயரம் பொய் என்று நான் சொல்லவில்லை. துயரத்தோடு இருந்தவருக்குக் கணக்கும் தெரிந்திருந்தது என்கிறேன்.

எந்த வேடத்துக்கு இந்தப் பணம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் ஏற்றது சிவபக்தன் நந்தனின் வேடம். பெரியபுராணத்தின் நந்தன் கதையில் வேதியர் என்ற ஆண்டை இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார்தான் நந்தனுக்கு ஓர் ஆண்டையைக் கொண்டுவந்தார். அதனால் பக்தனின் கதை பண்ணையாளின் கதையாகவும் ஆயிற்று. சிதம்பரம் போக நந்தன் கேட்பது முதலில் விடுமுறை. நாற்பது வேலியையும் ஒரே இரவில் பயிர் செய்துவிட்டுப் போ என்பது ஆண்டையின் பதில். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருட்டோடு பெரட்டுக்கு வரிசையில் நின்று, கங்காணி பெயர் கூப்பிட, ஒரு நாள் லீவுக்குத் தோட்டக் கணக்கரான கிராணியின் முகம் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மலாக்காவில் ஆயர் குரோவுக்குப் பக்கத்தில் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் நட்டார். அதன் பின் மலாக்காக் காடுகளில் பால்மரம் சீவிய நம் பெண்களுக்கு, ஆணின் கூலியிலிருந்து குறைத்தே போடப்பட்டது. 1920களின் இறுதியில் நிர்ணயக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அந்தப் பத்துக் காசை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கூலியே இல்லாத பண்ணையாளின் வேடத்தை ஒரு பெண் தமிழ்த் திரையின் மிக உயர்ந்த கூலிக்கு ஏற்றார் என்ற செய்தியைத் தற்செயல் என்று தாண்டிப்போக முடியவில்லை.

தொகை விளம்பரத்துக்காக ஊதப்பட்டிருக்கலாம் என்பார்கள். ஊதப்பட்டிருந்தாலும் என் வாதம் தொகையில் நிற்கவில்லை, கேட்டவர் யார் என்பதில் நிற்கிறது. என் வாசிப்பு அவருடைய துறவுக்கு இழுக்கு என்பது வேறொரு மறுப்பு. உழைப்புக்கு விலை கேட்பது இழுக்கு என்று கருதுவோரோடு வாதிட எனக்கு இடமில்லை. கிட்டப்பாவுக்குப் பின் எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியை அவர் கடைசிவரை காத்தார். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள் என்று வேடங்கள் நீள்கின்றன. விரதம் வேடத்தைத் தேர்ந்தது, விலையை அவர் தேர்ந்தார். இரண்டும் ஒருவரிடமே இருந்தன.

கடலுக்கு அப்பால் ஏறத்தாழ இதே ஆண்டுகளில், ஹாட்டி மெக்டானியல் என்ற கறுப்பின நடிகை பணிப்பெண் வேடத்துக்காக 1940இல் ஆஸ்கர் பெற்றார். அந்த விழாவில் அவருக்குத் தனி மேசைதான் போட்டார்கள். பணிந்தவரின் வேடம் போட்டார் என்று அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. வேலைக்குரிய ஊதியத்தை அவர் பெற்றதைப் பேசியவர்கள் குறைவு. இருவரையும் ஒன்றாக்குவது தவறு. சுந்தராம்பாள் நந்தனின் சாதிக்காரர் அல்லர், அந்த வேறுபாட்டை அழிக்கக் கூடாது. எனினும், நடிகையின் கூலி மட்டும் வரலாற்றில் எப்படி மங்கிப்போகிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

1937 தேர்தலில் சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார், பின்னர் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். அங்கும் தலைவர்கள் அழைத்தார்கள், இவர் வந்தார் என்றே எழுதுகிறோம். அசன்தாஸ் கதையில் தொடங்கிய அதே இலக்கணம்தான் மேலவை நாற்காலி வரைக்கும் நீள்கிறது.