தூணின் வெட்டு நடத்தை: கணினி மாதிரிகளின் வரலாறு

மேலிருந்து அச்சுச் சுமை அழுத்திக்கொண்டிருக்கும் தூண், பக்கவாட்டில் தள்ளப்படும்போது வெட்டு விசையை (ஷியர்) எப்படித் தாங்குகிறது, எப்போது முறிகிறது எனக் கணிக்கும் முறைகளே இவை. இந்தியாவில் இவற்றின் வரலாறு திருவனந்தபுரத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

வளைவோடு வெட்டுத் திரிபையும் சேர்த்த உத்திரக் கோட்பாட்டை ஸ்டீபன் திமோஷென்கோ 1921-இல் வகுத்தார். கட்டமைப்பைச் சிறு கூறுகளாக (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும், 1950-களில் விமானத் துறையில் உருவான ஃபைனைட் எலிமென்ட் முறை அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. திருவனந்தபுரம் தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ‘ஃபீஸ்ட்’ என்ற பகுப்பாய்வு மென்பொருளைச் சொந்தமாகவே எழுதியது. ஏவூர்தியும் தூண்தான்: உந்துவிசை அச்சின் வழியே அழுத்த, காற்று பக்கவாட்டில் தள்ளும். ஃபீஸ்டின் புதிய பதிப்பு 2022-இல் ஐதராபாத் ஐஐடியில் வெளியிடப்பட்டது.

இத்துறையில் இந்தியாவின் முக்கியப் பங்களிப்புகளில் ஒன்று, ‘ஷியர் லாக்கிங்’ சிக்கலுக்குக் கிடைத்த விளக்கம். மெலிந்த தூணைத் திமோஷென்கோ எலிமென்ட்களாகப் பிரித்தால், கணினி அதை உண்மையைவிடப் பல மடங்கு விறைப்பானதாகக் காட்டியது. வெட்டுத் திரிபு ஏறக்குறைய சுழியாக இருக்கவேண்டிய தூணில், எலிமென்டின் எளிய சார்புகள் பொய்த் திரிபை உண்டாக்கின. சென்னை ஐஐடியில் பயின்ற கங்கன் பிரதாப், பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் 1980-களில் அதன் வேரைக் காட்டி, அத்தகைய பொய்க் கட்டுப்பாடுகள் எழாதபடி எலிமென்டை அமைக்கும் நெறியை வகுத்தார். பின்னாளில் அவர் திருவனந்தபுரத்திலும் பணியாற்றினார்.

கான்கிரீட் தூணில் அச்சுச் சுமையின் அழுத்தம் விரிசலைத் தள்ளிப்போடும். அதனால் வெட்டு வலிமை கூடும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 விதிப்படி, 300 மி.மீ. சதுர எம்25 தரக் கான்கிரீட் தூணில் 300 கிலோநியூட்டன் அச்சுச் சுமை இருந்தால் கான்கிரீட்டின் வெட்டு வலிமையை 1.4-ஆல் பெருக்கலாம். சுமை எவ்வளவு ஏறினாலும் இப்பெருக்கெண் 1.5-ஐத் தாண்டக் கூடாது. அதே சுமை, தூணின் பக்கவாட்டு விறைப்பைக் குறைக்கவும் செய்யும். நேரியல் மீள்நிலைப் பகுப்பாய்வில் முதல் விளைவு தென்படாது. இரண்டாவது விளைவும், பக்கவாட்டில் நகர்ந்த தூணில் அச்சுச் சுமை உண்டாக்கும் கூடுதல் வளைவைக் கணிக்கும் பி-டெல்டா கணக்கைச் சேர்த்தால்தான் வரும்.

2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், அகமதாபாத்தில் திறந்த தரைத்தளத்தின் மேல் எழுப்பிய அடுக்குமாடிகள் பல இடிந்தன. இத்தகைய கட்டடங்களில் முதல் வெட்டு முறிவோடு தூணின் கதை முடிவதில்லை. அதன்பின் அது செங்குத்துச் சுமையை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே உள்ளிருப்போரின் உயிரைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டத்தையும் கணிக்கும் மாதிரியைக் கென்னத் எல்வுட் 2004-இல் ‘ஓப்பன்சீஸ்’ மென்பொருளுக்காக வகுத்தார். ஐ.எஸ். 1893:2016 நிலநடுக்க வகைப்பாட்டில் மூன்றாம் மண்டலத்தில் வரும் திருவனந்தபுரத்தில், வாகனங்களுக்காகத் தரைத்தளத்தைத் திறந்துவிட்ட பழைய அடுக்குமாடிகளைச் சோதிக்கவும் இத்தகைய மாதிரியே பொருந்தும்.