மலைச்சரிவில் ஒரு திராட்சைக் கொடி – 4: வெள்ளக் கோடு

1927 ஜனவரி 12. வாஷிங்டன் நகரின் காஸ்மோஸ் கிளப். ஜே ஹார்லன் பிரெட்ஸ் பேசி முடித்து உட்கார்ந்தார். அடுத்துப் பேசக் காத்திருந்தவர்கள் அமெரிக்க நிலவியல் துறையின் பெரிய தலைகள். அவரை அங்கே வரவழைத்ததே வறுத்தெடுக்கத்தான் என்பதைப் போன வாரம் சொல்லி நிறுத்தினேன்.

வறுத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, முடியவே முடியாது என்றார்கள். பிரெட்ஸ் சொன்னது இதுதான்: வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கில் பாறையே பிளந்து கிடக்கும் அந்த வறண்ட பள்ளங்களை எந்த ஆறும் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடி அரிக்கவில்லை. ராட்சச வெள்ளம் ஒன்று வந்து, சில நாட்களில் வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நோவாவின் வெள்ளத்தைப் பாடப் புத்தகத்திலிருந்து வெளியேற்ற நிலவியலாளர்கள் நூறு ஆண்டுகள் போராடியிருந்தார்கள். இந்த சிகாகோ பேராசிரியர் அதையே பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறாரே என்ற எரிச்சல் அவர்களுக்கு. அந்த எரிச்சலைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் எதிர்த்துப் பேசியவர்களில் பலர் அந்தப் பள்ளங்களைப் போய்ப் பார்த்ததே இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு கேள்வி மட்டும் பிரெட்ஸை உண்மையிலேயே மடக்கியது. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? அவரிடம் விடை இல்லை.

விடை அதே அறையில் உட்கார்ந்திருந்தது. பெயர் ஜோசஃப் பார்டி. பனியுகத்தில் மொன்டானா மலைகளுக்கு நடுவே பெரிய ஏரி ஒன்று இருந்ததாக 1910லேயே எழுதியவர். கூட்டத்தின்போது பக்கத்தில் இருந்தவரிடம், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரியும் என அவர் கிசுகிசுத்ததாக நிலவியல் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. எழுந்து மட்டும் சொல்லவில்லை.

ஒயின் கதை என்று வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் எந்த நிலத்தில் திராட்சை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பதை முடிவு செய்ததே அந்தத் தண்ணீர்தான்.

நடந்தது இப்படி. கிளார்க் ஃபோர்க் ஆற்றை ஒரு பனிப்பாறை குறுக்கே வந்து அடைத்தது. அதன் பின்னால் மிசூலா ஏரி நிரம்பியது. அணையருகே ஆழம் சுமார் 600 மீட்டர், மொத்தக் கொள்ளளவு சுமார் 2,000 கன கிலோமீட்டர். தண்ணீர் ஏற ஏற, பனி அணையால் தாங்க முடியாமல் போனது. அணை உடைந்தது. இரண்டு மூன்று நாட்களில் ஏரி காலி. பனி மறுபடி வந்து அடைத்தது, ஏரி மறுபடி நிரம்பியது, மறுபடி உடைந்தது. இப்படிப் பல பத்து முறை நடந்திருக்கிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரே வெள்ளம் என்று பிரெட்ஸ் சொன்னபோதே அடிக்க வந்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்களோ!

கொலம்பியா ஆற்றின் மலையிடுக்கு வழியே பாய்ந்த வெள்ளம், கடலுக்குப் போகும் வழியில் குறுகிய இடத்தில் முட்டித் திரும்பி, தெற்கே வில்லாமெட் பள்ளத்தாக்குக்குள் ஏறியது. இன்றைய யூஜீன் நகரம் வரை ஒரே ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரம் வரை நீர் நின்றது. மிதந்து வந்த பனிக்கட்டிகள் தூர தேசத்துப் பாறைகளைச் சுமந்து வந்தன. மெக்மின்வில் நகருக்கு அருகே ஒரு மேட்டில் பெரிய பாறை ஒன்று கரை ஒதுங்கியது. அந்த வட்டாரத்திலேயே கிடைக்காத கல். இன்று அது முழுதாக இல்லை, வந்து பார்த்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள்.

நீர் வடிந்தது, வண்டல் தங்கியது. அதனால் அந்த உயரத்துக்குக் கீழே ஒரு மண், மேலே வேறொரு மண்.

கீழே உள்ளது கொழுத்த மண். 1840களில் ஓரிகன் பாதை வழியாக மாட்டு வண்டிகளில் வந்து குவிந்த குடியேறிகள், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த கலப்பூயா மக்களிடமிருந்து அந்தச் சமவெளியைப் பிடுங்கிக்கொண்டு கோதுமை விதைத்தார்கள். மேட்டு நிலத்தை அவ்வளவாகச் சீண்டவில்லை. மேட்டில் இருப்பது ஜோரி என்ற செம்மண். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கே நிலவெடிப்புகளிலிருந்து பொங்கி வந்து உறைந்த எரிமலைக் குழம்பு, மழையில் நனைந்து நனைந்து மக்கிய களிமண் அது. இரும்பு அதிகம், சத்து குறைவு. ஆனால் குளிர்கால மழையை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, வறண்ட கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

திராட்சைக்கு வேண்டியது இந்த ஏழை மண்தான். வண்டலில் வைத்தால் செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி இலையும் தண்டுமாகப் படர்ந்து, பழத்தை மறந்துவிடும். போதாததற்கு, இரவில் குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். வசந்தகால உறைபனி முதலில் கருக்குவது அங்குள்ள தளிர்களைத்தான்.

இதையெல்லாம் யோசித்து ஒருவர் வந்தார். பல் மருத்துவம் படிக்கக் கிளம்பிய இளைஞர், வழியில் நாபா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து மனம் மாறி, டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒயின் படிப்பில் சேர்ந்துவிட்டார். பெயர் டேவிட் லெட். அவர் மனதில் நின்ற ரகம் பினோ நுவார். பர்கண்டியின் மெல்லிய தோல் திராட்சை அது. வெயில் அதிகமானால் அவசரமாகப் பழுத்து, மணத்தைத் தொலைத்துவிடும். பருவம் முடிகிற கடைசி நாட்களில், குளிர் எட்டிப் பார்க்கும்போதுதான் அது பழுக்க வேண்டும். கலிபோர்னியா அதற்குச் சூடு என்பது லெட்டின் கணக்கு. 45 டிகிரி அட்சரேகையில், வறண்ட கோடையும் கடலிலிருந்து மாலைக் காற்றும் உள்ள வில்லாமெட் சரியாக இருக்கும் என்று நினைத்தார்.

பேராசிரியர்கள் சிரித்தார்கள். வசந்தத்தில் உறைபனி, அறுவடையில் மழை, கொடி பிழைக்காது என்றார்கள். ஓரிகனின் தெற்கே, அம்ப்குவா பள்ளத்தாக்கில் ரிச்சர்ட் சோமர் 1961லேயே நட்டுவிட்டார் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. 1965இல், 25 வயதில், 3,000 திராட்சைக் குச்சிகளோடு லெட் ஓரிகன் போய்ச் சேர்ந்தார். முதலில் நாற்றங்கால். அடுத்த ஆண்டு, டண்டீ குன்றுகளின் செம்மண் சரிவில், வெள்ளக் கோட்டுக்கு மேலே, அவரும் மனைவி டயானாவும் கொடிகளை நட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு லெட் பாடப் புத்தகம் விற்றார்.

அதே 1965இல் இன்னொன்றும் நடந்தது. உலக நிலவியலாளர்களின் குழு ஒன்று பேருந்துகளில் பிரெட்ஸின் பள்ளங்களைப் பார்க்கப் போனது. பார்த்தார்கள். முதுமையால் வர முடியாமல் போன பிரெட்ஸுக்கு, இனி நாங்களும் உங்கள் கட்சிதான் என்ற பொருளில் தந்தி அடித்தார்கள். 1979இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் உச்ச விருதான பென்ரோஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. தன் எதிரிகள் எல்லோரும் செத்துவிட்டார்கள், வென்றதைக் காட்டிப் பெருமைப்பட ஆளில்லை என்று மகனிடம் அலுத்துக்கொண்டாராம்.

லெட்டின் எதிராளிகளோ உயிரோடுதான் இருந்தார்கள். அதே 1979இல் பாரிஸில் கோ-மியோ இதழ் நடத்திய ஒயின் போட்டியில், பெயர் மறைத்துச் சுவைத்த நடுவர்கள், லெட்டின் 1975ஆம் ஆண்டு பினோ நுவாரை முதல் பத்துக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டு நிகழ்வும் ஒரே ஆண்டில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் தொடர் எழுதுகிறவனுக்கு இது அல்வா.

பர்கண்டியின் பெரிய ஒயின் குடும்பத்தைச் சேர்ந்த ரொபேர் துரூவானுக்கு அந்த முடிவு பொறுக்கவில்லை. எங்கள் ஊரின் நல்ல ஒயின்கள் போட்டியிலேயே இல்லை, மறுபடி நடத்துவோம் என்றார். 1980 ஜனவரியில் தன் ஊரான போனில், தன் நிலவறையின் சிறந்த புட்டிகளை இறக்கினார். பெயர்கள் மறைக்கப்பட்டன. நடுவர்கள் சுவைத்தார்கள். மதிப்பெண்களைக் கூட்டினார்கள்.

முதல் இடம் 70. இரண்டாம் இடம் 69.8.

இரண்டில் ஒன்று துரூவானின் பெருமைக்குரிய 1959 சாம்போல்-முசினி. மற்றது டண்டீ செம்மண்ணில் விளைந்தது. எது 70? அதைவிட விசித்திரம், ஏழு ஆண்டுகள் கழித்து அதே துரூவான் கடல் கடந்து டண்டீ குன்றில் வந்து நின்றது எதற்கு?

(தொடரும்)