கிறிஸ்டியான் கிளாரின் 26 ஆண்டுகள்

1977 ஏப்ரல் 7, பெரிய வியாழக்கிழமை. மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில், சிக்னலுக்காக நின்றிருந்த ஒரு மெர்சிடஸ் காரின் பக்கத்தில் சுசூகி மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் தானியங்கித் துப்பாக்கியால் காருக்குள் சுட்டார். நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் சீக்ஃப்ரீட் பூபாக்கும் அவருடைய ஓட்டுநரும் இறந்தார்கள். உடன் வந்த மற்றொருவர் சில நாட்களில் உயிர்விட்டார். ஜூலையில் வங்கித் தலைவர் யூர்கன் பொன்டோ தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். கையில் பூங்கொத்தோடு வந்தவள் பழகிய குடும்பத்துப் பெண் என்பதால்தான் அந்த வீட்டின் கதவு திறந்தது. செப்டம்பரில் தொழிலதிபர் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லேயர் கடத்தப்பட்டபோது ஓட்டுநரும் மூன்று காவலர்களும் தெருவிலேயே மடிந்தார்கள். ஷ்லேயரின் உடல் அக்டோபரில் பிரான்சின் முலூஸ் நகரில் ஒரு காரின் டிக்கியில் கிடைத்தது. இடதுசாரித் தீவிரவாத அமைப்பான செம்படைக் குழு நடத்திய இந்த ஒன்பது கொலைகளுக்கும் கூட்டுப் பொறுப்பாளி என்று 1985-ல் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் கிறிஸ்டியான் கிளார். 2008 டிசம்பர் 19 அன்று அவர் சிறையிலிருந்து வெளியே விடப்பட்டபோது ஜெர்மனி கொதித்தது. அந்த விடுதலை சரியானது என்பதே என் கட்சி. குற்றத்தின் கனத்தைக் குறைத்துக் காட்டி அதை நிறுவ நான் விரும்பவில்லை.

கிளாரை விடுவித்த சட்டத்தின் வேர் அவர் கொலைகாரராக இருந்த அதே ஆண்டில், அதே ஊரில் இருக்கிறது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் இருப்பதும் கார்ல்ஸ்ரூஹவில்தான். பூபாக் சுடப்பட்டு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1977 ஜூன் 21 அன்று, அது ஆயுள் தண்டனை பற்றித் தீர்ப்புச் சொன்னது. ஆயுள் தண்டனை செல்லும். ஆனால் தண்டிக்கப்பட்டவருக்கு என்றாவது ஒருநாள் வெளியே வரும் மெய்யான வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பு ஆட்சியாளரின் கருணையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, அதற்குச் சட்டத்தில் வழி வகுக்க வேண்டும் என்றது. வழக்கு இடதுசாரிப் போராளி ஒருவரைப் பற்றியதன்று. தன்னை மிரட்டிப் பணம் கேட்ட போதை அடிமை ஒருவரைச் சுட்டுக்கொன்ற போலீஸ்காரரைப் பற்றியது. ஆகவே, தீவிரவாதிகளுக்காக வளைக்கப்பட்ட சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. நாடு நடுங்கிக்கொண்டிருந்த கோடையில், தங்கள் ஊர்த் தெருவில் ரத்தம் சிந்திய பிறகும், நீதிபதிகள் மனித மாண்பு எல்லோருக்கும் பொது என்று எழுதினார்கள். அந்தத் தீர்ப்பையொட்டி 1981-ல் சட்டம் திருத்தப்பட்டது. பதினைந்து ஆண்டு கழித்து நீதிமன்றம் பரிசீலிக்கும். குற்றம் மிகக் கொடியதென்றால் காலத்தை நீட்டும். வெளியே வருபவரால் ஆபத்து உண்டா என்று பார்க்கும். கிளாருக்குக் குறைந்தபட்சம் 26 ஆண்டு என்று விதித்தார்கள். அதை அவர் கழித்தார்.

விடுதலையை எதிர்த்தவர்கள் பலர், இதை மன்னிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். குழப்பத்துக்குக் காரணமும் இருந்தது. கிளார் ஏற்கெனவே குடியரசுத் தலைவரிடம் கருணை மனு கொடுத்திருந்தார். அப்போதைய தலைவர் ஹோர்ஸ்ட் கோலர், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரிடம் பேசினார், கிளாரையும் நேரில் சந்தித்தார், 2007 மே மாதம் மனுவை நிராகரித்தார். அடுத்த ஆண்டே ஸ்டுட்கார்ட் உயர்நீதிமன்றம் ஐந்தாண்டுக் கண்காணிப்போடு விடுதலைக்கு உத்தரவிட்டபோது, ‘தலைவர் மறுத்ததை நீதிபதிகள் கொடுத்துவிட்டார்கள்’ என்று பலருக்குத் தோன்றியது. அப்படியன்று. கருணை என்பது கொடுப்பவரின் விருப்பம். கோலர் மறுத்தது அவர் உரிமை. நீதிமன்றம் கருணை காட்டவில்லை. காலம் முடிந்ததா, ஆபத்து இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேடியது. செம்படைக் குழுவே 1998-ல் தன்னைக் கலைத்துவிட்டது. மறுபடி கொலை செய்வார் என்று நம்ப முகாந்திரம் எதுவும் கிடைக்கவில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கிளார் வருந்தவே இல்லை. 2007 ஜனவரியில் பெர்லினில் ரோசா லக்சம்பர்க் நினைவு மாநாட்டுக்கு அவர் அனுப்பிய வாழ்த்துரை, மூலதனத்தின் திட்டங்களைத் தோற்கடிப்பது பற்றிப் பழைய குரலிலேயே பேசியது. தந்தையை இழந்தவர்கள் அதைப் படித்து என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைக்கவே கூசுகிறது. அந்த உரை அருவருப்பானது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அது குற்றமன்று. மனம் வருந்தினால்தான் கதவு திறக்கும் என்று அரசு விதித்தால், வருந்துவதாக நடிக்கத் தெரிந்தவன் முதலில் வெளியே வருவான். முரட்டு நேர்மைக்காரன் உள்ளேயே சாவான். ஒருவர் உள்ளத்துக்குள் நுழைந்து கணக்குப் பார்க்கும் அதிகாரத்தைச் சிறைத்துறைக்குக் கொடுப்பது, நாஜி ஆட்சியைக் கண்ட ஒரு நாட்டுக்கு அழகன்று.

இதைவிடக் கடினமான மறுப்பு, அவருடைய மௌனம். மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து சுட்டது யார்? 1985 தீர்ப்பு கூட்டுப் பொறுப்பைத்தான் நிலைநாட்டியது. விசையை அழுத்திய விரலை அடையாளம் காட்டவில்லை. பூபாக்கின் மகன் மிகாயேல் பூபாக் ஒரு வேதியியல் பேராசிரியர். கிளார் சுடவில்லை என்று செம்படைக் குழுவின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் வழியாக அறிந்தபின், 2007 ஏப்ரலில், கிளாருக்கு மன்னிப்பு வழங்குவதைத் தான் இனி எதிர்க்கவில்லை என்று அவர் எழுதினார். உண்மை தெரிய வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. சுட்டவர் அக்குழுவின் மற்றோர் உறுப்பினரான வெரேனா பெக்கர் என்று அவர் உறுதியாக நம்பினார். கிளார் வாய் திறந்திருந்தால் அந்த மனிதருக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்; திறக்காதது கொடுமைதான். ஆனால் சாட்சி சொல்லாததற்கு ஆயுள் முழுக்கச் சிறை என்று சட்டம் இல்லை. மௌனம் காத்தது கிளார் மட்டுமா? பெக்கர் 1980-களின் தொடக்கத்திலேயே உள்நாட்டு உளவுத்துறையிடம் பேசியிருந்தார். 1989-ல் குடியரசுத் தலைவர் வைட்சேக்கர் கருணை காட்டி அவரை வெளியே விட்டார். பெக்கர் சொன்னவை அடங்கிய கோப்பை நீதிமன்றத்தில் பயன்படுத்த உள்துறை அமைச்சகம் நெடுநாள் அனுமதிக்கவில்லை. 2012-ல் பெக்கர் பூபாக் கொலைக்குத் துணைபோனதாக நான்கு ஆண்டு தண்டனை பெற்றார். சுட்டவர் யார் என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. அந்தப் பதிலைக் கிளாரிடம் கேட்கிறவர்கள் அந்தக் கோப்புகளை வைத்திருந்த அரசிடமும் அதே குரலில் கேட்டிருக்க வேண்டும்.