சொல்லில்லா இசைக்குச் சொல் வந்த வரலாறு



பெரிய வெள்ளிக்கிழமைதோறும் நம் ஆண்டவர் சிலுவையில் திருவாய் மலர்ந்த ஏழு வாக்கியங்களைப் பற்றிய பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வேழு வாக்கியங்களுக்கும், பாட்டே இல்லாமல், வாத்தியங்களுக்கு மட்டும் இசையமைத்த பெருமகன் ஒருவர் உண்டு. அவரே ஆஸ்திரிய நாட்டுக் கத்தோலிக்கரான யோசேப் ஹைடன் (1732–1809).

ஸ்பெயின் நாட்டின் காதிஸ் நகரக் குருவானவர் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் 1786–87-இல் அவர் இதனை இயற்றினார். அங்கே கோவிலின் சுவர்களையும் தூண்களையும் சன்னல்களையும் கறுப்புத் துணியால் மூடி, நடுவே ஒரே ஒரு பெரிய விளக்கை ஏற்றி வைப்பார்கள். நண்பகலில் கதவுகள் அடைக்கப்படும். மேற்றிராணியார் பிரசங்க மேடையேறி ஒரு வாக்கியத்தைச் சொல்லி விளக்குவார். பிறகு பீடத்தின்முன் முழந்தாளிடுவார். அந்த இடைவேளையை இசை நிரப்பும். இவ்வாறு ஏழு முறை நடைபெறும். இறுதியில் பூமியதிர்ச்சியும் இசையாக ஒலிக்கும். பத்துப் பத்து நிமிடமாக ஏழு மெதுவான இசைகளைக் கேட்போர் சலிக்காமல் அமைப்பது எளிதாயிருக்கவில்லை என்று ஹைடனே பிற்காலத்தில் எழுதினார்.

ஐந்தாம் வாக்கியமாகிய தாகத்திற்கு அவர் செய்ததைக் கவனியுங்கள். தந்திகள் வில்லால் இழைக்கப்படாமல் விரலால் மீட்டப்படுகின்றன. கிடைக்காத தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழுவதுபோல் அது நமக்குக் கேட்கிறது. சொல்லில்லாமலே பொருள் விளங்குகிறதல்லவா?

பின்னர் லண்டனுக்குச் சென்ற இரண்டாம் பயணத்தின்போது (1794–95) ஹைடன் பசாவு நகரில் தங்கினார். அவ்வூர் இசைத் தலைவர் யோசேப் பிரீபெர்ட் என்பவர் அதே இசைக்கு ஜெர்மன் மொழியில் சொற்கள் சேர்த்துப் பாடகர் குழுவைக்கொண்டு பாட வைத்திருந்தார். ஹைடன் சினங்கொள்ளவில்லை. ஆயினும், குரல்களைத் தாமே அமைத்தால் இன்னும் சிறக்கும் என எண்ணினார். வான் ஸ்வீட்டன் பிரபு சொற்களைத் திருத்திக் கொடுத்தார். 1796-இல் வியன்னாவில் புதிய வடிவம் அரங்கேறி, 1801-இல் அச்சேறியது.

வயலின் மூச்சு வாங்குவதில்லை, மனிதன் வாங்குகிறான். வயலின் எட்டும் உயரமெல்லாம் தொண்டைக்கு எட்டாது. ஆகவே ஹைடன் வாத்திய இசையைப் பெரும்பாலும் காத்து, அதன்மேல் மனிதர் பாடக்கூடிய குரல்களை அமைத்தார். பெரும்பாலான வாக்கியங்களை முதலில் வாத்தியமின்றிக் குரல் மட்டுமே பாடச் செய்தார். முதலில் சொல், பின்னர் இசை!

நம் பாடகர் குழுவினருக்கும் இதில் பாடமுண்டு. நம் மொழியில் குறிலை மெட்டுக்காக நீட்டினால் ‘கல்’ என்பது ‘கால்’ ஆகிவிடும். ‘மனம்’ என்பது ‘மானம்’ ஆகிவிடும். மெட்டு எவ்வளவு இனிமையாயிருந்தாலும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியம்மாளுக்குச் சொல் விளங்காவிட்டால் அது செபமாகாது. விளங்கும் சொல்லோ, பாடி முடிந்த பின்னும் அவருடைய உதடுகளில் செபமாய் நிற்கும்.